சாணமும் ஓலையும் வீணாகாமல் இருக்க: சித்தூர்த் தாலுகாத் தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நமக்கு வீட்டில் தமிழ், கிருஷி பவனில் (பஞ்சாயத்து விவசாய அலுவலகத்தில்) மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. எனக்கு இங்கே இரண்டரை ஏக்கர் தென்னையும் நாலு கறவை மாடும் இருக்கின்றன. காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நிற்கும்போது பேச்சு எப்படியும் எருவுக்கு வந்துவிடும். அப்படி அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் அப்படி என்ன பெரிய கழிவு வருகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கலப்பினக் கறவை நாளுக்குச் சுமார் 15 கிலோ சாணம் போடும். நாலு மாட்டுக்கு 60 கிலோ. வருஷத்துக்கு 22 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தென்னையை 25 அடிக்கு ஒன்றாக வைத்திருந்தால் ஏக்கருக்கு 70 மரம் வரும். ஒரு மரம் மாதம் ஒரு ஓலை கழிக்கும். இரண்டரை ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டாயிரம் ஓலைக்கு மேல். இதோடு பாளை, பன்னாடை, உரிமட்டை, மாடு தின்னாமல் தள்ளிய தட்டு (காய்ந்த தீவனத் தண்டு).

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்க்கும் தென்னைக்கு வருஷம் 50 கிலோ தொழு உரம் போடச் சொல்கிறது. 175 மரத்துக்கு ஒன்பது டன்னுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். 22 டன் பச்சைச் சாணம் மக்கி அடங்கினால் பாதி எடையாவது நிற்கும். அதாவது நாலு மாடும் இரண்டரை ஏக்கரும் ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போகின்றன. அப்படியிருந்தும் நம்மில் பலர் வெளியிலிருந்து லோடு லோடாக எரு வாங்குகிறோம். நம் எரு எங்கே போகிறது? அடுத்த பதில் அதுதான்.

சாணத்தை எல்லாம் குப்பைக்குழியில்தான் போடுகிறோம். இதற்கு மேல் என்ன செய்ய?

சாணத்தை அள்ளுகிறீர்கள், மூத்திரத்தை விட்டுவிடுகிறீர்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் பார்க்கிற பெரிய நஷ்டம் இதுதான். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது, சாம்பல்சத்தில் (பொட்டாசியத்தில்) பெரும்பங்கும் அதில்தான். ஒரு மாடு நாளுக்கு 8 லிட்டர் பெய்கிறது என்று வைத்தாலும், நாலு மாட்டுக்கு மாதம் 960 லிட்டர். அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கு என்று கொண்டால் மாதம் ஒன்பது கிலோவுக்கு மேல். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவான தழைச்சத்துதான். ஆக மாதா மாதம் கிட்டத்தட்ட அரை மூட்டை யூரியாவைக் கட்டுத்தறி மண்ணுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறோம். அது பயிருக்கும் போகவில்லை, பக்கத்துக் கிணற்றுக்குத்தான் இறங்குகிறது.

அப்புறம் வெயிலும் மழையும். நம் ஊரில் இரண்டும் கடுமை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று, மூடாத குவியலை ஒரே வாரத்தில் வறட்டியாக்கிவிடும். காய்ந்தது மக்காது. ஆனி, ஆடியில் மழை அதே குவியலைக் கழுவும். குழியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஓடிவருகிற தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். எருவின் சத்துதான் அந்த நிறத்தில் ஓடுகிறது.

செய்ய வேண்டியது மூன்று. கட்டுத்தறிக்கு சிமெண்டுத் தளமோ கருங்கல் தளமோ போட்டு, ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் என்ற வாட்டத்தில் ஓர் ஓரத்துக்குச் சரிவு கொடுங்கள். அங்கே ஒரு வாய்க்கால், வாய்க்கால் முடிவில் ஒரு தொட்டி. தளம் போட இப்போது வசதியில்லை என்றால், மாட்டுக்கு அடியில் தூளாக்கின ஓலையோ கடலைத் தோலோ மண்ணோ பரப்பி, ஊறியதை இரண்டு நாளைக்கு ஒருமுறை அள்ளிக் குழியில் போடுங்கள். குழிக்கு மேலே கூரை வேண்டும். தென்னங்கீற்றே போதும், அதற்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

குவியல் போடுகிற முறை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

எங்கள் அப்பா ஒரு கடப்பாரையைக் குவியலின் நடுவில் குத்தி வைப்பார். பத்து நிமிஷம் கழித்து உருவி, நுனியை உள்ளங்கையால் பிடிப்பார். கை தாங்காமல் விட வேண்டும், அப்படியென்றால் வேலை நடக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் காற்றோ ஈரமோ சாணமோ குறைவு. நானும் இன்றுவரை அப்படித்தான் பார்க்கிறேன். நல்ல குவியலின் உட்புறம் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். களை விதையும் மாட்டுக் குடற்புழு முட்டையும் அந்தச் சூட்டில்தான் சாகும். பார்த்தீனிய விதை உங்கள் தோட்டத்துக்கு எரு வழியாக வந்தது என்றால், அந்த எரு சூடேறாத எரு.

வெறும் சாணத்தை மலைபோல் குவித்தால் உள்ளே காற்று போகாது, புளித்த நாற்றம் வரும். ஓலைத் தூள், தட்டு, சருகு ஓர் அடுக்கு, அதன்மேல் சாணக்கரைசல், அதன்மேல் மூத்திரம் ஊறிய மண் கொஞ்சம், திரும்ப அதே வரிசை. நாலு அடி உயரம் போதும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. மூன்றாவது வாரம் ஒருமுறை புரட்டுங்கள், அதன்பின் மாதம் ஒருமுறை. முதல் தடவை விடியற்காலையில் புரட்டிப் பாருங்கள். ஆவி எழும்பும், உள்ளே ஓலைத் துண்டுகளின் மேல் திருநீறு பூசினாற்போல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பயப்படாதீர்கள், அது மக்க வைக்கும் பூஞ்சைதான்.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1920களில் இந்தூரில் இருந்தபோது, நம் நாட்டு விவசாயிகளிடம் பார்த்ததை வைத்து இந்த அடுக்கு முறையை ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை என்று இன்றும் அதற்குப் பெயர்.

எருக்குழியில் வெள்ளையாகக் கொழுத்த புழு இருக்கிறது. நல்லதுதானே?

இல்லை. தென்னைக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எருவில் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும், கட்டைவிரல் தடிமன், பழுப்புத் தலையுள்ள புழு பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. வண்டு முட்டையிடுவது நம் சாணக்குழியிலும் மக்கிய தென்னந்தண்டிலும்தான். வளர்ந்து பறந்து போய்க் குருத்தைக் குடையும். விரியும் ஓலையில் கத்தரியால் முக்கோணமாக வெட்டின மாதிரி தெரிந்தால் அதன் வேலை. அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்துவிட்டால் மரமே போகும்.

எனக்கு இது நடந்தது. ஒரு வருஷம் குழியைப் புரட்டவே இல்லை, உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டேன். குழிக்கு அருகிலிருந்த பதினோரு கன்றுகளில் குருத்து அடிபட்டது, இரண்டு செத்தே போயின. கடைசியில் குழியைக் கிளறினால் கூடை நிறையப் புழு. நம் கன்றைத் தின்ற வண்டை நாமேதான் வளர்த்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது குழியை அடிவரை கிளறுங்கள், கோழியை விடுங்கள், ஒன்றுவிடாமல் பொறுக்கும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் விவசாய அலுவலகங்களிலும் வேளாண் ஆய்வகங்களிலும் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்றினால் புழுவைப் பிடித்துக் கொல்லும், மாட்டுக்கும் மண்புழுவுக்கும் கெடுதல் இல்லை. பட்ட மரத்தைத் தோப்பில் கிடக்க விடாதீர்கள். நன்றாகச் சூடேறும் குவியலில் இந்தப் புழு தங்காது.

தென்னை ஓலையை எரித்துச் சாம்பலைப் போடுகிறோம். சாம்பலும் உரம்தானே?

சாம்பலில் சாம்பல்சத்து இருக்கும். தழைச்சத்து புகையோடு போய்விடும், மண்ணுக்கு மிகவும் வேண்டிய கரிமமும் (கார்பனும்) போய்விடும். நம் செம்மண்ணுக்கும் கிழக்கே உள்ள கரிசலுக்கும் கரிமம்தான் பஞ்சம். ஓலையை நீளவாக்கில் வெட்டி மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போட்டாலே போதும். கோடையில் சொட்டுநீர் விடும் இடைவெளி கூடும். மட்டை தூளாக்கும் மெஷினைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் நாலு தோப்பையும் முடித்துவிடலாம். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஓலையை மண்புழுவுக்குக் கொடுத்து உரமாக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. சாணம் கொஞ்சம் சேர்த்து ஊற வைத்தால், இரும்பு மாதிரி இருக்கும் ஓலையையும் மண்புழு முடித்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் காயர் பித் (தேங்காய் நார் பிரித்த பின் மிஞ்சும் தூள்) மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே போடலாமா?

போடாதீர்கள். நான் போட்டு ஏமாந்தேன். மில்லிலிருந்து வந்த புதுத் தூளை நேராக வாழைக்குப் போட்டேன், ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகிவிட்டது. காரணம் பிறகு புரிந்தது. பச்சைத் தூளில் கரிமம் நூற்றுக்கு மேல் இருந்தால் தழைச்சத்து ஒன்று என்ற கணக்கு. அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். தூளில் உள்ள துவர்ப்புச் சாறும் உப்பும் வேறு. மில்லைச் சுற்றிக் குவிந்திருக்கும் தூளிலிருந்து மழையில் இறங்கும் காப்பி நிறத் தண்ணீர் கிணறுகளைக் கெடுப்பதை அந்தப் பக்கத்து ஆட்களே சொல்வார்கள்.

மக்க வைத்தால் இது அருமையான பொருள். தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மழை மறைவில் இருக்கிற நம் கிழக்குப் பஞ்சாயத்துகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஆலப்புழைக் களவூரில் உள்ள கயிறு ஆராய்ச்சி நிலையத்தின் பித்பிளஸ் என்ற காளான் கலவையும் இதற்காகத்தான். யூரியா வேண்டாம் என்பவர்கள் மாட்டு மூத்திரத்தையே ஊற்றலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். நிறம் கறுத்து, கையில் எடுத்தால் நார்நாராக இல்லாமல் மண்போல் உதிர வேண்டும். அதுவரை பொறுங்கள்.

கோபர் கேஸ் (சாண எரிவாயு) இப்போதும் லாபமா? சிலிண்டர்தான் வீட்டுக்கே வருகிறதே.

25 கிலோ சாணத்துக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு. நாலு மாட்டுக்கு 2 கன மீட்டர்க் கலன் சரியாக இருக்கும், தினம் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கரைத்து ஊற்ற வேண்டும். கணக்குப்படி அது தினம் முக்கால் கிலோவுக்கு மேல் சிலிண்டர் கேஸுக்குச் சமம், நாலைந்து பேர் சமையல் ஓடும். மாட்டை விற்கும் எண்ணம் இருந்தாலோ வீட்டில் ஆள் இல்லாவிட்டாலோ கட்டாதீர்கள். ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் கலன் படுத்துவிடும். ஊரில் செத்துக் கிடக்கும் கலன்கள் எல்லாம் கட்டின விதத்தால் கெட்டவை அல்ல, ஊற்ற ஆள் இல்லாமல் நின்றவை.

எனக்குக் கேஸைவிடப் பெரிய லாபம் கலனிலிருந்து வெளியே வரும் சாணக்கரைசல்தான். சாணத்தின் சத்து அதில் அப்படியே இருக்கும், நாற்றமும் ஈயும் இருக்காது, வாய்க்காலில் விட்டாலே தென்னைக்குப் போகும். வைக்கோலையும் தட்டையும் கலனுக்குள் போடாதீர்கள், மேலே ஏடாகக் கட்டி வாயுவை அடைக்கும். புதுக் கலனில் முதலில் வரும் வாயு எரியாது, திறந்து விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிச் சொல்கிறேன். அடைப்பு எடுக்கவோ சுத்தம் செய்யவோ கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் சேர்ந்து போவார். வேலை தெரிந்த ஆட்களை, வேண்டிய கருவியோடு கூப்பிடுங்கள்.

வைக்கோல் சத்தில்லாத தீனி என்கிறார்கள். அதை என்ன செய்ய?

ஒண்ணாம் போகம், இரண்டாம் போகம் அறுப்பு முடிந்ததும் ஆலத்தூர், நெம்மாறைப் பக்கமிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். யூரியா ஊட்டினால் அது ஏறும், செரிமானமும் கூடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட வேண்டும். பிரித்ததும் மூக்கில் ஏறும் காரநெடி அடங்கும்வரை ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். யூரியா கரைத்த வாளியை மாடு எட்டுகிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள், குடித்தால் பிழைக்காது.

கடலைக்கொடி, கடலைத் தோல்?

கொடி முதல்தரத் தீனி, எருவாக்க மனசு வராது. மழையில் நனைந்து பூசணம் பிடித்திருந்தால் மட்டும் குவியலுக்கு. தோல், கட்டுத்தறியில் மூத்திரம் உறிஞ்ச நல்லது.

கோழி எரு வாங்கலாமா?

வாங்கலாம், தழைச்சத்து அதிகம். ஆனால் பச்சையாக வேரில் போட்டால் சூட்டில் கருக்கும். ஒரு பங்கு கோழி எருவோடு இரண்டு பங்கு காயர் பித்தோ ஓலைத் தூளோ கலந்து மூன்று மாதம் மக்க வையுங்கள். ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

ஆட்டுப்பட்டி போட்டால் போதும் என்கிறார் எங்கள் தாத்தா.

தாத்தா சொல்வது சரி. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். பட்டியில் புழுக்கையோடு மூத்திரமும் நேராக நிலத்திலேயே இறங்கிவிடுகிறது, அள்ளும் கூலியும் இல்லை. பட்டி எடுத்த மறுநாளே ஓர் உழவு ஓட்டி மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள்.

ஜீவாமிர்தம் விட்டால் எருவே வேண்டாமா?

200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் மூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். இது ஒரு ஏக்கருக்கு. நானும் விடுகிறேன். ஆனால் 10 கிலோ சாணத்தில் இருக்கும் தழைச்சத்து நாற்பது கிராமைத் தாண்டாது, ஒரு ஏக்கர் தென்னையின் பசிக்கு அது எந்த மூலைக்கு? அது தயிருக்கு உறை மாதிரி. பால் இருந்தால்தான் உறைக்கு வேலை. மூடாக்கும் எருவும் இருக்கும் தோப்பில் விட்டால் பலன் கண்ணில் தெரிகிறது. வெறும் மண்ணில் விட்டால் வெல்லக் காசுதான் வீண்.

இரவில் லாரி வந்து ‘எரு’ என்று சும்மா கொட்டிவிட்டுப் போகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

எல்லையில் இருப்பதால் இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வரும். வாங்காதீர்கள். இறைச்சிக் கழிவு, ஆஸ்பத்திரிக் கழிவு, பிளாஸ்டிக் என்று எதுவும் அதில் இருக்கலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அரசு லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அப்படி எல்லாக் குப்பையும் திரும்பிப் போகாது. உங்கள் நிலத்தில் கிடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பகலில், உங்கள் கண்ணெதிரே, பார்த்து வாங்குகிற எருவை மட்டும் வாங்குங்கள்.

தோட்டம் கேரளத்தில், வீடு கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். மானியம் எங்கே கேட்பது?

எருக்குழி, மண்புழுத் தொட்டி போன்ற நிலத்தைச் சேர்ந்த உதவிக்கு, நிலம் எந்தப் பஞ்சாயத்தில் இருக்கிறதோ அந்தக் கிருஷி பவன்தான். கரம் (நில வரி) அடைத்த ரசீது, ஆதார், பாஸ்புக்கோடு போங்கள். மலையாளம் எழுத வராவிட்டால் தயங்க வேண்டாம், சித்தூர்த் தாலுகா அலுவலகங்களில் தமிழ் புரிந்தவர்கள் இருக்கிறார்கள். சாணத்தைப் பணமாக்க மத்திய அரசு 2018இல் கோபர்தன் திட்டம் கொண்டுவந்தது. தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கட்டடம் எழுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டி முடித்துவிட்டுப் போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்காது.

எருவை விற்றால் நல்ல காசு வருமாமே?

மலைத்தோட்டங்களுக்கு இங்கிருந்து லோடு போகிறது, தெரியும். சொந்தத் தோப்புக்குப் போட்டு மிஞ்சினதை விற்பது சரி. மாட்டுக்குத் தீவனம் தந்த நிலத்துக்கு ஒன்றும் திருப்பிக் கொடுக்காமல் விற்றால், அந்தக் காசு மறு வருஷம் உரக்கடைக்குப் போகும். விற்பதென்றால் சலித்த மண்புழு உரமாக விற்றால்தான் உழைப்புக்குக் கூலி மிஞ்சும்.

எரு பதமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடப்பாரை சூடாகக் கூடாது. மூக்கில் வைத்தால் முதல் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும், சாண வாடை வரக் கூடாது. இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சிரட்டையில் அந்த எருவை நிரப்பி, நாலு பச்சைப்பயறை ஊன்றித் தண்ணீர் தெளித்துத் திண்ணையில் வையுங்கள். அரைவேக்காட்டு எருவானால் முளை கருகும், அல்லது வெளுத்து நிற்கும். ஆறாம் நாள் இரண்டு இலையும் பச்சையாக விரிந்துவிட்டால் வண்டியைக் கட்டலாம்.